சராசரி வேகமும் பொன் கணக்கும்

குரூப் 4 தேர்வில் 3 மணி நேரத்தில் 200 வினாக்கள். அவற்றில் 25 திறனறிவுக் கணக்கு. ‘போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 40 கி.மீ. வேகம், சராசரி வேகம் என்ன?’ என்று ஒரு வினா வந்தால், விடைகளில் 50 கட்டாயம் இருக்கும். அனகாபுத்தூரில் சாயங்காலம் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் பலரும் முதலில் அதைத்தான் தொடுகிறார்கள். சரியான விடை 48.

அதைச் சட்டென்று போடும் வழியைப் பயிற்சி மையங்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று பிள்ளைகள் நினைப்பது எனக்குப் பொறுப்பதில்லை. 1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் பொன் உருக்கும் கணக்கு ஒன்று உண்டு. 10, 4, 2, 4 மாஷம் எடையுள்ள பொன் துண்டுகள். அவற்றின் மாற்று, அதாவது பொன்னின் தரம், முறையே 13, 12, 11, 10. எல்லாவற்றையும் சேர்த்து உருக்கினால் மாற்று என்ன? சீக்கிரம் சொல்லும்படி ஒரு வணிகரைக் கேட்கிறார் பாஸ்கரர். எடையை மாற்றால் பெருக்கிக் கூட்டினால் 240. மொத்த எடை 20. ஆகவே மாற்று 12. நான்கு மாற்றுகளையும் வெறுமனே கூட்டி நாலால் வகுத்தால் பதினொன்றரைதான் வரும், வணிகருக்கு நஷ்டம்.

நம் வேகக் கணக்கும் இதேதான். மாற்று இருந்த இடத்தில் வேகம், எடை இருந்த இடத்தில் நேரம். தூரம் 120 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 60, 40 இரண்டுமே அதை மீதியில்லாமல் வகுக்கும். போக 2 மணி, வர 3 மணி. மொத்தம் 240 கி.மீ., 5 மணி, 48. மெதுவாக வந்த நேரம்தான் அதிகம் என்பதால் விடை 40 பக்கம் சாய்கிறது. இது புரிந்த பிள்ளை 50-ஐயும் அதற்கு மேலுள்ள விடைகளையும் பார்த்தவுடனே அடித்துவிடும்.

தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் என்று வாழ்க்கையின் பொருள்களை வைத்தே கணக்குச் சொன்னது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லி, முந்திரி என்றால் 1/320, காணி என்றால் 1/80, மா என்றால் 1/20 என்று பின்னங்களைப் பிள்ளைகள் மனதில் ஏற்றினார்கள். அந்தப் பயிற்சி போனது பெரிய இழப்பு.

எங்கள் ஊர் தறி ஊர். இங்கே நெய்த ரியல் மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குப் போனது. அடைமழையில் நாளுக்கு 3 கெஜம், வெயிலில் 6 கெஜம் என்று ஒருவர் 12 கெஜப் பாவு இரண்டை, மழையில் ஒன்றும் வெயிலில் ஒன்றுமாக நெய்தால், 24 கெஜத்துக்கு 6 நாள். நாளுக்கு 4 கெஜம். நாலரை என்று நம்பி நாள் குறித்தால் சரக்கு தவணைக்கு வராது.

மறுபடி தேர்வுக்கு வருவோம். இந்தியாவில் மாகாண அளவிலான முதல் தேர்வாணையம் 1929-இல் சென்னையில்தான் அமைந்தது. விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வுமுறையோ 1910-களில் அமெரிக்காவின் கன்சாஸில் ஃப்ரெடரிக் கெல்லி அமைத்த வாசிப்புத் தேர்விலிருந்து பரவியது. வினாத்தாள் புதிது, கணக்கு பழையது.

தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சமமாக இருப்பது தூரமா, நேரமா என்று முதலில் பாருங்கள். நேரம் சமமென்றால் 50-ஐத் தயங்காமல் குறிக்கலாம்.