மடியிற் கத்தி: மாத்தளைப் பிரதேசத்தில் ஒரு கருவியின் சமூக வரலாறு

வாளுக்கும் வேலுக்கும் நமது வரலாற்று நூல்களிற் போதிய இடமுண்டு. இடுப்பிற் செருகியும் மடியிற் கட்டியும் மனிதர் நாள்தோறும் கொண்டு திரிந்த சிறு கத்திக்கு அவ்விடம் கிடைக்கவில்லை. போரை வரலாறாகவும் உழைப்பை வெறும் வழக்கமாகவும் நோக்கும் மரபின் விளைவே இது. ஆயின் உற்பத்தி, எழுத்து, அதிகாரம் ஆகிய மூன்றும் ஒருங்கே சந்திக்கும் பொருளாக அச்சிறு கத்தி விளங்கியமையை மாத்தளைப் பிரதேசத்தின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

மாத்தளை, கண்டி இராச்சியத்தின் ஒரு பகுதியாக விளங்கியது. 1660 முதல் 1679 வரை அவ்விராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், செதுக்கிய பிடியும் வெள்ளி வேலைப்பாடும் கொண்ட கத்தியை ஆடவர் தம் மார்புப்புறத்திற் செருகியிருந்தமையைக் குறிப்பிடுகின்றார். அவர் அதனைக் கூறுவது ஆடவர் பெருமையாக உடுத்தும் உடையை விவரிக்குமிடத்திலேயாகும் என்பது நோக்கத்தக்கது. ஆகவே கத்தி அங்கு கருவி மட்டுமன்று. அணிந்தவரின் தகுதியைப் பிறருக்கு உணர்த்தும் அடையாளமுமாகும். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், இத்தகைய கைவினைகளையும் அவற்றைப் படைத்தோரின் வாழ்க்கை முறையையும் இணைத்து ஆராய்ந்தது. தந்தத்தாலும் கொம்பாலுமான பிடி, அலகின் அடிப்பகுதியிற் பதித்த பித்தளை, வெள்ளித் தகடு, அதன்மேற் படரும் கொடிக் கோலம் ஆகியன கண்டிக் கத்தியின் சிறப்பியல்புகளாம்.

இவ்வழகின் பின்னே ஒரு சமூக ஒழுங்கு இருந்தது. கத்தியை ஆக்கியோர் நவந்தன்ன என்னும் கம்மாளச் சாதியினர். நிலத்தைப் பெற்று, அதற்கீடாக அரசனுக்கும் பிரபுக்களுக்கும் தம் தொழிலை வழங்குதல் அவர்தம் கடன். இராஜகாரியம் எனப்பட்ட இம்முறை அவர்களுக்கு நிலையான வாழ்வை அளித்த அதேவேளை, பிறப்பாலே தொழிலையும் தாழ்நிலையையும் விதித்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையையடுத்து 1832இல் இராஜகாரியக் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. ஊழியத்தளை தளர்ந்தது, ஆனால் ஆதரவும் அகன்றது. ஷெபீல்ட் போன்ற நகரங்களின் ஆலைகளில் வார்த்த மலிவான கத்திகள் குடியேற்ற நாடுகளின் சந்தைகளை நிறைத்த காலத்தில், விடுதலை பெற்ற கொல்லன் போட்டியிட வேண்டியிருந்தது இயந்திரத்தோடாகும்.

கத்திக்கும் எழுத்துக்குமுள்ள உறவும் மாத்தளையிலே தனிப்பொருள் பெறுகின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபய மன்னன் காலத்திலே திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம் மாத்தளை அலுவிகாரை என்பது பௌத்த மரபு. ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி வேண்டும். எழுத்தைக் கீறக் கூரிய ஆணி வேண்டும். சிங்களவர் பன்ஹிந்த என வழங்கும் எழுத்தாணியும் தமிழரின் எழுத்தாணியும் ஒரே தொழின்மரபின் இரு பெயர்களே. தமிழகத்தில் வழங்கிய மடக்கெழுத்தாணியை உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் விவரித்துள்ளார். ஒரே பிடியினுள் ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் கத்தியும் மடங்கி அடங்கும் கருவி அது. இறகுப் பேனாவைச் சீவ ஐரோப்பாவிற் பயன்பட்டதே பேனாக்கத்தி. ஆக, மேற்கிலும் கிழக்கிலும் சட்டைப்பையிலோ மடியிலோ கிடந்த சிறு கத்தி எழுதுவோனின் துணையாகவும் இருந்தது.

இனி, கருவி எப்போது ஆயுதமாகின்றது? இவ்வினாவை மாத்தளை மக்கள்முன் கூர்மையாக எழுப்பிய ஆண்டு 1848. தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி, கடை, நாய், தெரு ஆகியவற்றின் பெயரால் வரி விதித்ததோடு, துப்பாக்கி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பென்ஸ் கட்டணமும் விதித்தது. சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காத்த குடியானவனுக்குத் துப்பாக்கி, மண்வெட்டியை ஒத்த வேளாண்மைக் கருவி. ஆட்சியாளருக்கோ அது பதிவுசெய்து அடக்கவேண்டிய ஆயுதம். அவ்வாண்டு யூலையில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூடினான். கிளர்ச்சியாளர் மாத்தளையைத் தாக்கினர். ஆகஸ்ட் 8ஆந் தேதி புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த அடக்குமுறையின்போது அலுவிகாரையின் ஏட்டுச்சாலையும் சிதைவுற்றது. குறித்த வகைக் கத்திகளைப் பொதுவிடத்திற் கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் பிரித்தானியர் ஆட்சியிற் பின்னர் எழுந்தது. பொருளின் இயல்பை வைத்தன்றி, அதனை ஏந்தும் கையின் வர்க்கத்தை வைத்தே சட்டம் அச்சங்கொள்கின்றது என்பதற்கு இவை சான்றாகும்.

இதே காலப்பகுதியில் மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தனர் தென்னிந்தியத் தொழிலாளர். வழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் பலர். கோப்பித் தோட்டத்திலும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை, கொக்கோ, இறப்பர்த் தோட்டங்களிலும் அவர்கள் கையில் வேறொரு கத்தி இருந்தது. அதுவே கவ்வாத்துக் கத்தி. அலகின் வளைவில் அழகில்லை, தேவை உண்டு. கிளையை ஒரே வீச்சிற் சாய்வாக வெட்டாவிடின் பட்டை கிழிந்து செடி அழுகும். நாள்தோறும் சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி அலகு தேய்வதுபோல அதனை ஏந்திய தலைமுறைகளும் தேய்ந்தன. அக்கத்தி உருவாக்கிய செல்வம் நாட்டினதாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமோ அதனை ஏந்தியோருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

இன்று கண்டிக் கத்திகள் இலண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருளகத்திலும் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அரும்பொருளகத்திலும் பேணப்படுகின்றன. தனியார் சேகரிப்பாளரும் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். சேகரித்தல் குற்றமன்று, அழிவிலிருந்து பல பொருள்கள் அதனாலேயே தப்பின. ஆயின் வெள்ளிப் பிடியின் பொருட்டுப் பேணப்படும் கத்தி, ஆக்கிய கொல்லனின் பெயரின்றியும் ஊரின்றியுமே பெரும்பாலும் கண்ணாடிப் பேழையைச் சேர்கின்றது. தேய்ந்த கவ்வாத்துக் கத்தியோ பழைய இரும்பாக நிறுவையில் விலைபோகின்றது. மாத்தளையில் எஞ்சியுள்ள பட்டறைகளிலும் லயன் வீடுகளிலும் கிடக்கும் கத்திகளை, அவற்றின் பெயர், செய்முறை, பயன், ஏந்தியோர் நினைவு ஆகியவற்றோடு பதிவுசெய்தல் நமது பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்று மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். பிரபுவின் இடுப்பிலிருந்த கத்தியையும் தொழிலாளியின் கையிலிருந்த கத்தியையும் ஒரே பேழையில் அருகருகே வைக்கும்போதுதான் மாத்தளையின் வரலாறு முழுமை பெறும்.