சேர்க்கைப் பதிவேடும் தேர்ச்சி விழுக்காடும்

புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், வாயலூர் எனக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அடுத்தடுத்து அமைந்த ஊர்களின் கடந்த அறுபது ஆண்டு வரலாற்றை, அரசுப் பள்ளியை விட்டுவிட்டு எழுத முடியாது. விழா மலர்களில் பள்ளி வரலாறு என்றால் கட்டடம் திறந்த நாள், தலைமை ஆசிரியர்களின் பட்டியல், பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காடு ஆகியவை இடம்பெறும். அவை வேண்டியவைதான். அவற்றோடு, பள்ளிக்கு வந்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேர் கடைசி வகுப்பு வரை படித்தார்கள் என்பதும் சேர வேண்டும். அப்போதுதான் அந்த வரலாறு முழுமை பெறும்.

வேரூன்றிய காலம்

இந்தக் கடற்கரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராகப் பணியாற்றிய நெ.து. சுந்தரவடிவேலு, இதே மாவட்டத்தின் நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது, 1958இல் இம்மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. இம்மாநாடுகளின் வழியே ஊரார் நிலம் தந்தார்கள். பெஞ்சு, கரும்பலகை, மணி என்று இயன்றதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அரசுப் பள்ளி ஊர்ச் சொத்து என்ற உணர்வு அங்கிருந்து பரவியது. 1960களில் பள்ளி இறுதி வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வி வந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது.

நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்வது ஓர் ஊருக்கு எவ்வளவு பெரிய நிகழ்வு என்பதை அந்தத் தலைமுறைப் பெண்கள் அறிவார்கள். எட்டாம் வகுப்போடு ஊர்ப் பள்ளி முடிந்தால், பெண்ணின் படிப்பும் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. ஒன்பதாம் வகுப்பு உள்ளூருக்கே வந்ததும், இலவசப் பேருந்து அட்டையும் மிதிவண்டியும் கிடைத்ததும் அந்த நிலையை மாற்றின.

யார் வீட்டுப் பிள்ளைகள்

கல்பாக்கத்தில் 1971இல் அணு ஆராய்ச்சி மையம் அமைந்தது. 1983இல் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தரத் தொடங்கியது. அணுசக்தித் துறை ஊழியர்களின் பிள்ளைகளுக்கு நகரியத்திலேயே அணுசக்தி மத்தியப் பள்ளியும் கேந்திரிய வித்யாலயாவும் உருவாயின. சுற்றியிருந்த ஊர்களின் அரசுப் பள்ளிகளுக்கோ மீனவர், பாலாற்றங்கரை விவசாயக் கூலிகள், கட்டுமானத் தொழிலாளர், சாலையோரக் கடைக்காரர், ஒப்பந்தப் பணியாளர் ஆகியோரின் பிள்ளைகள் வந்தார்கள். இருளர் குடியிருப்புகளில் இருந்து, குடும்பத்தில் முதல் ஆளாக எழுத்துக் கற்கவும் பிள்ளைகள் வந்தார்கள். சாதிச் சான்றிதழ் கிடைக்காததால் உதவித்தொகையும் மேற்படிப்பும் தடைபட்ட இருளர் பிள்ளைகளின் துயரம் இம்மாவட்டத்தில் இன்னும் தீரவில்லை. கட்டுமான வேலைக்கு வடமாநிலங்களில் இருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் தமிழை அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டு படிக்கிறார்கள்.

இவை அனைத்தும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளன. தந்தையின் தொழில், தாய்மொழி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்ற பத்திகளை வரிசையாகப் படித்தால் ஊரின் வரலாறு தெரியும். கடலுக்குப் போகப் படிப்பை நிறுத்திய பையன், திருமணத்துக்காக நிறுத்தப்பட்ட பெண், பெற்றோரின் வேலைத்தளம் மாறியதால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிய குழந்தை எல்லாரும் அதில் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலோரக் குடும்பங்களை நிலைகுலையச் செய்த பின்பும் பிள்ளைகளை மீண்டும் வகுப்பில் உட்கார வைத்தவை இத்தகைய பள்ளிகளே.

தேர்ச்சியை எப்படிப் படிப்பது

2025 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழகத்தின் தேர்ச்சி 93.80 விழுக்காடு. மாணவியர் 95.88, மாணவர் 91.74. அரசுப் பள்ளிகள் மட்டும் 91.26. இந்த இடைவெளியைக் காட்டி அரசுப் பள்ளியைக் குறைத்துப் பேசுவோர் ஒன்றை மறக்கிறார்கள். சேர்க்கைக்கு வரும் எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்புவதில்லை. நுழைவுத் தேர்வு இல்லை. இடையில் நின்றவரை வீடு தேடிப் போய் அழைத்து வந்து, சிறப்பு வகுப்பு நடத்தித் தேர்வு எழுத வைப்பதும் ஆசிரியர் பணியாகவே இருக்கிறது. தேர்ச்சி விழுக்காடு, தேர்வு எழுதியவர்களை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளையை வெளியேற்றும் பள்ளியின் விழுக்காடு உயரும்; அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியின் விழுக்காடு ஒருவேளை குறையும். இவற்றில் கல்விப் பணியைச் செய்தது இரண்டாவது பள்ளிதான்.

மாநில அளவில் முதலிடப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை அரசு 2017இல் கைவிட்டது நல்ல முடிவு. மருத்துவக் கல்வியில் 2020இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில் 2021இலும் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரிய இடத்தைத் தந்தது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அவ்வாறு படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மாணவர்களுக்கு 2024இல் தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. 2025 பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் மாணவியரை விட மாணவர்கள் நான்கு விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் மேல் பின்தங்கி நின்றதைப் பெற்றோர் இனியாவது கவனிக்க வேண்டும். கையில் கூலி கிடைக்கும் வயதில் பையன் படிப்பை விட்டுவிடுவதைக் குடும்பம் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

முன்னாள் மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள். உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் கரையானுக்கும் மழைக்கும் பலியாகாமல் பாதுகாக்கத் தலைமை ஆசிரியருக்குத் துணை நில்லுங்கள். அடுத்த விழா மலரில் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை பேர் என்பதைப் பெயர் குறிக்காமல் அச்சிடுங்கள். இடையில் நின்ற பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவிடம் சொல்லி இந்த ஆண்டே மீண்டும் சேர்த்துவிடுங்கள்.