இணையின் குரலில் அழைத்தவர்கள்

வேட்டை நூல் என்றதும் செத்த புலியின் மீது காலை வைத்துப் படத்துக்கு நிற்கும் துரைதான் நம் நினைவுக்கு வருகிறார். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அத்தகைய துரைகள் எழுதிக் குவித்த நூல்களில் பெரும்பாலானவற்றை இன்று எடுத்துப் புரட்டுவார் இல்லை. ஆனால் ஜிம் கார்பெட்டும் (1875–1955) கென்னத் ஆண்டர்சனும் (1910–1974) தொடர்ந்து வாசிக்கப்படுகிறார்கள். காரணம் என்னவாக இருக்கும் என்று யோசிக்கும்போதெல்லாம், இருவரும் எழுதிய ஏறத்தாழ ஒரேவிதமான இரண்டு காட்சிகள் எனக்கு நினைவுக்கு வரும.

முதலாவது, 1938 நவம்பரில் குமாவுன் மலைப்பகுதியின் தாக் என்ற சிற்றூரில் நிகழ்ந்தது. ஆட்கொல்லிப் பெண்புலிக்கு அஞ்சி ஊரே காலியாகிவிட்டிருந்தது. கார்பெட்டுக்கு அப்போது 63 வயது. திரும்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது. புலியோ இணையைத் தேடிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் ஆண்புலியின் குரலில் மறுமொழி கொடுத்தார். மங்கும் வெளிச்சத்தில் அது அருகே வந்ததும் சுட்டார். துப்பாக்கி உதைத்ததில் பாறையிலிருந்து கீழே இருந்தவர்கள் மீதே விழுந்தார். வீரம் பேச வந்தவர் மறைத்திருக்கக்கூடிய செய்தி இது. கார்பெட் மறைக்கவில்லை. அப்புலியின் உடலில் பழைய குண்டுக் காயங்கள் இருந்ததையும் பதிவு செய்தார். அதை ஆட்கொல்லியாக்கியது மனிதனின் துப்பாக்கியே என்பது அவர் கணிப்பு.

இரண்டாவது காட்சி நமக்கு அருகில், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரிக் காட்டில் நிகழ்ந்தது. அங்கும் ஒரு வேட்டைக்காரரின் குண்டால் காயமுற்ற பெண்புலிதான் மனிதர்களைக் கொல்லத் தொடங்கியது. ஆண்டர்சனும் ஆண்புலியின் குரலில் அழைத்தே அதைக் கொன்றார். ஆனால் கதையை அவர் வெற்றிக் களிப்புடன் முடிக்கவில்லை. துணை தேடி வந்த உயிரை வஞ்சித்துக் கொன்ற உறுத்தலோடு முடிக்கிறார். ஆண்டர்சன் சற்று மிகைப்படுத்தி எழுதுபவர் என்ற குறை உண்டு. ஆனால் இந்த உறுத்தலில் மிகை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கிராமத்தாரைக் காக்கப் புலி கொல்லப்பட்டே ஆகவேண்டும். அதற்குக் கையாண்ட வழியோ நேர்மையானதன்று. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேரச் சுமந்தபடி காட்டிலிருந்து திரும்பும் மனிதனையே நாம் இவர்களிடம் வாசிக்கிறோம். இவர்களது ஈர்ப்பு துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் இல்லை. அதற்கு முந்தைய நீண்ட காத்திருப்பிலும், காலடித் தடத்தையும் மான்களின் எச்சரிக்கைக் குரலையும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பொறுமையிலும், பிந்தைய மௌனத்திலும் இருக்கிறது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. வேட்டை இலக்கியத்தின் காலம் அத்துடன் முடிந்தது எனலாம். கார்பெட்டின் பெயர் இன்று ஒரு தேசியப் பூங்காவுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. வேட்டையாடியவரின் பெயரில் புலிகளுக்கு அடைக்கலம். அவரை வாசித்தவர்களுக்கு இதில் முரண் ஏதும் தெரியாது.