ஆக்கியோன் பங்கு

வைகையின் தென்கரையில் கூடல் மாநகர்; வடகரையில் செல்லூர். தறியொலி கேட்டுப் பழகிய ஊர் செல்லூர். நெசவாளர் ஒருவர் அங்கே ஒரு சேலையை நெய்து விற்கின்றார். கொண்டவர் அதனை உடுத்துகின்றார். நாளடைவில் அது நைந்து போகின்றது. ஒரு சேலைக்கு ஒரு விலை என்பது நேரிய வழக்கே. நாடகம் எழுதுவோன் நெய்யும் சொல்லாடையோ அத்தகையதன்று. ஓர் ஊரார் கண்டதனால் அது நைவதில்லை; ஆயிரம் ஊரார் கண்டாலும் குறைவதில்லை. அதற்கும் ஒரு முறை விலை கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாமா? மாணவ நண்பர்களே! இவ்வினாவுக்கு மக்கள் விடை தேடிய வரலாற்றைத்தான் இன்று காணப்போகின்றோம்.

1918ஆம் ஆண்டில் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்னும் நாடகக் குழுவை அமைத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலாக நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் அவர் எழுதியவை. அக்குழுவில் சிறுவராகச் சேர்ந்தவர் டி. கே. சண்முகம். தமக்காகச் சுவாமிகள் அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்ததைப் பின்னாளில் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் வியந்து குறித்துள்ளார். சுவாமிகள் 1922இல் மறைந்தார். எனினும் மதுரைச் சீமையின் திருவிழாக்களில் இன்றும் வள்ளி திருமணம் விடிய விடிய நடைபெறுகின்றது. ராஜபார்ட்டுக்கு ஊதியம் உண்டு, மிருதங்கக்காரருக்கு உண்டு, பந்தல் போட்டவருக்கும் உண்டு. நாடகத்தை எழுதியவர் பங்கு என்று ஒரு வரி அக்கணக்கில் எழுதப்படுவது வழக்கமாகவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1914ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், எழுதியவர் மறைந்தபின்னும் 50 ஆண்டுகளுக்கு உரிமையை நிலைநிறுத்தியது. ஆனால், ஊர்தோறும் சென்று கணக்குக் கேட்டுப் பங்கைத் திரட்டித் தரவல்ல கழகம் ஒன்று தமிழ் நாடகத்துறையில் வேரூன்றவில்லை. பிரான்சு நாட்டிலோ, போமார்ஷே என்னும் நாடக ஆசிரியர் 1777ஆம் ஆண்டிலேயே எழுத்தாளர்களை ஒன்று திரட்டி, நாடகக் கொட்டகையின் வருவாயில் தங்களுக்குரிய பங்கைக் கேட்டார். தனித்து நின்ற எழுத்தாளன் கேட்டால் இரப்பு. பலர் கூடிக் கேட்டால் உரிமை. இது வரலாறு தரும் முதற் பாடம்.

இரண்டாம் பாடத்தைப் பாரதியாரின் பாடல்கள் தந்தன. கவிஞர் 1921இல் மறைந்த பின்னர், அவர் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை விலைப்பொருளாகிக் கைமாறியது, இறுதியில் ஏ. வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் அவர் அப்பாடல்களை ஒலிக்கச் செய்தார். மறு ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாடலொன்றைச் சேர்த்தபோது, உரிமை தமதே என்று மெய்யப்பன் சட்டத்தின் துணையை நாடினார். சங்கரதாஸ் சுவாமிகளின் மாணவர்களே இவ்வழக்கில் ஒரு தரப்பு என்பதை நோக்குக. நாட்டில் எழுந்த குரலின் விளைவாக, 1949இல் சென்னை அரசு பாரதியின் உரிமையைத் தன்வயப்படுத்தியது. பின்னர் அது மக்களின் பொதுவுடைமையாயிற்று. பாட்டு விடுதலை பெற்றது, நன்றே. ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். பூசல் படமெடுத்தவர் இருவருக்கிடையே நிகழ்ந்தது.  உரிமையை முற்றும் விற்றவர்க்குப் பின்னர்ப் பங்கில்லை.

சுதந்திர இந்தியா 1957இல் தனக்கெனப் பதிப்புரிமைச் சட்டம் இயற்றியது. ஊதியம் பெற்றுத் திரைப்படத்துக்கு ஆக்கித் தந்தவரின் உரிமை யாருக்கு என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வேறு ஒப்பந்தம் இல்லையேல் அது படமுதலாளிக்கே என்று 1977இல் தீர்ப்பாயிற்று. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒருமுறை பெற்ற தொகையோடு ஒதுங்க வேண்டியவராயினர்.

இந்நிலையை மாற்றியது 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். மாநிலங்கள் அவையில் கவிஞர் ஜாவேத் அக்தர் இதற்காக வாதாடினார். படத்தில் இடம்பெறும் எழுத்துக்கும் இசைக்கும் உரியோர், திரையரங்கிற்கு வெளியே அவை பயன்படும்போதெல்லாம் உரிமைத் தொகையில் சம பங்கு பெறுவர். அப்பங்கை விற்கவும் இயலாது, விட்டுக்கொடுக்கவும் இயலாது. வறுமையில் நிற்பவன் கையொப்பத்தை விலைக்கு வாங்கலாம். அவன் பங்கை வாங்கலாகாது என்பதே இதன் கருத்து. ஒப்பந்த நாளில் வழக்கில் இல்லாத புதிய ஊடகத்துக்கு, அதனை வெளிப்படக் குறிப்பிட்டாலன்றிப் பழைய ஒப்பந்தம் செல்லாது என்றும் சட்டம் கூறிற்று. திரைக்கதையும் வசனமும் எழுத்தேயாதலின் அவற்றை ஆக்கியோர்க்கும் இவ்வரண் உண்டு.

டைரக்டர் நிலை யாது? 2010இல் கொணர்ந்த மசோதா, தலைமை இயக்குநரையும் படமுதலாளியோடு சேர்த்து ஆக்கியோர் எனக் கொள்ள முன்வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அதனை ஏற்கவில்லை, அப்பகுதி நீக்கப்பட்டது. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்தின் ஆக்கியோர் அதனைத் தயாரித்தவரே. பிரான்சு நாட்டின் 1957ஆம் ஆண்டுச் சட்டமோ, திரைக்கதை எழுதியவரையும் வசனம் எழுதியவரையும் இயக்குநரையும் ஆக்கியோர் வரிசையில் வைத்தது. இரு நாடுகளும் ஒரே ஆண்டில் சட்டம் செய்தன. ஒன்றில் இயக்குநர் ஆக்கியோர், மற்றொன்றில் அல்லர்.

எல்லை கடந்து படம் செல்லுங்கால் இவ்வேறுபாடு பெரிதாகின்றது. 1886இல் தோன்றிய பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928இல் சேர்ந்தது. திரைப்படத்தின் உரிமை யாருக்கென்பதை, எந்நாட்டில் பாதுகாப்புக் கோரப்படுகின்றதோ அந்நாட்டுச் சட்டமே முடிவு செய்யும் என்பது அவ்வுடன்படிக்கையின் விதி. ஆகவே மதுரையில் படம் எடுத்த இயக்குநர் ஒருவர், ஒப்பந்தம் தடுக்காதவிடத்து, பாரிசில் உரிமையாளராகவும் தம் சொந்த ஊரில் உரிமையற்றவராகவும் நிற்றல் கூடும். முன்னாளில் படச்சுருள் பெட்டியிலேறிக் கடல் கடந்தது. எத்தனைப் பெட்டி, எத்தனைக் கொட்டகை என்று எண்ணலாம். 2016இல் நெட்பிளிக்ஸ், அமேசான் ஆகிய இணையத் திரைகள் இந்தியாவுக்கு வந்தன. இன்று ஒரே உரிமத்தால் ஒரு படம் நூற்றுக்கணக்கான நாடுகளில் ஒரே நாளில் திறக்கின்றது. பார்த்தவர் எத்தனை பேர் என்பதை முழுமையாக அறிந்தவர் அத்திரையை நடத்தும் நிறுவனத்தாரே. கணக்கறியாதான் பங்கு கேட்பதெங்ஙனம்?

அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது இதன்பொருட்டே எனலாம். இணையத்தில் படம் பார்க்கப்பட்ட நேரக் கணக்கைச் சங்கத்துக்குக் காட்டவும், வெளிநாட்டுச் சந்தாதாரர் தொகைக்கேற்ப எழுத்தாளர் பங்கை உயர்த்தவும் நிறுவனங்கள் உடன்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஆக்கியோர்க்குத் தகுந்த, விகிதமான ஊதியம் வேண்டும் என்று ஆணை வகுத்தது.

ஆகவே, மூன்று தூண்கள் வேண்டும். ஆக்கியோர் யாரெனச் சட்டம் பெயர் சொல்லல் வேண்டும்; அவர் பங்கு விற்கவொண்ணாததாதல் வேண்டும்; நாடுகளிடையே கணக்குக் கேட்கும் சங்கம் வேண்டும். பாரதியின் பாட்டுக்கு இரண்டாவது இல்லை. சுவாமிகளின் நாடகத்துக்கு மூன்றாவது இல்லை. நம் இயக்குநர்க்கு முதலாவதே இல்லை. மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை கதை எழுதுவீர்கள். சிலர் படம் இயக்குவீர்கள். கையொப்பமிடுமுன் தாளைப் படியுங்கள். இட்டபின் தனித்து நில்லாது சங்கத்தில் சேருங்கள். எஞ்சியோரும் சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்களே. இயக்குநர்க்கு மறுக்கப்பட்ட அவ்வரியை அவர்களிடம் கேட்டுப் பெறுங்கள்.