பொத்தானுக்காக எழுந்த நகரம்: புரூம் கடற்கரையின் சிப்பித் தொழில்

முத்துக்குளித்தல் என்றதும் கொற்கையையும் மன்னார் வளைகுடாவின் பார்களையும், அதாவது சிப்பிகள் பற்றி வாழும் கடலடிப் பாறைத்திட்டுகளையும், நினைத்துக்கொள்ளும் தமிழ் வாசகருக்கு, மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகரம் அதே தொழிலின் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக் காட்டுகிறது. மன்னாரில் மூழ்கியவர் தேடியது முத்தை. முத்தை எடுத்தபின் எஞ்சிய ஓடுகள் அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளில் மேடாகக் குவிந்தன. புரூமிலோ ஓடுதான் சரக்கு, முத்து தற்செயலாகக் கிடைத்த உபரி. அந்நகரம் தன்னை முத்துகளின் நகரம் என்று அழைத்துக்கொண்டாலும், அதன் பொற்காலத்தில் அதற்குச் சோறு போட்டவை ஐரோப்பிய, அமெரிக்கச் சட்டைகளில் தைக்கப்பட்ட பொத்தான்களே.

இந்த வேறுபாட்டின் வேர் சிப்பியின் இனத்தில் இருக்கிறது. மன்னாரின் முத்துச்சிப்பி உள்ளங்கைக்குள் அடங்குவது, ஓடும் மெல்லியது. ஆஸ்திரேலிய வடமேற்குக் கடலில் வாழும் பிங்க்டாடா மாக்சிமா என்னும் இனமோ முத்துச்சிப்பிகளிலேயே மிகப் பெரியது. முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டர் அகலத்தை எட்டக்கூடிய அதன் ஓட்டில், முத்துக்கும் மினுமினுப்பைத் தரும் அதே வெண்படலம் கனத்த அடுக்காகப் படிந்திருப்பதால், அதை வட்டமாக அறுத்துப் பொத்தானாகவும் கத்திப்பிடியாகவும் கடைய முடிந்தது.

கிம்பர்லி வட்டாரத்தின் தென்மேற்கு ஓரத்தில் ரோபக் விரிகுடாவை ஒட்டி அமைந்த இந்தக் கரை, வேண்டும் என்று துறைமுகம் தேடுகிறவர் தேர்ந்தெடுக்கக்கூடிய இடமன்று. பிண்டன் எனப்படும் செம்மண் நிலம் கடல்வரை வந்து முடிகிறது. விரிகுடாவின் ஓரங்களில் அலையாத்திக் காடுகளும், அவற்றுக்கு அப்பால் கிலோமீட்டர் கணக்கில் விரியும் சேற்றுவெளிகளும் உள்ளன. தெற்கே, பெயரில் எண்பது மைல் என்றிருந்தாலும் உண்மையில் சுமார் 220 கிலோமீட்டர் நீளும் எண்பது மைல் கடற்கரை தொடங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்மட்டம் ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. ஆறுமணி நேரத்துக்கு முன் மரக்கலங்கள் மிதந்த இடத்தில் மனிதர் நடந்து போகலாம். இந்த ஓதமே தொழிலின் நாட்காட்டியாயிற்று. நீரோட்டம் வலுத்துச் சேறு கலங்கும் உவா நாட்களில் கடலடியில் ஒன்றும் தெரியாது என்பதால், ஏற்றமும் வற்றமும் அடங்கிக் கிடக்கும் அட்டமியை ஒட்டிய நாட்களிலேயே மூழ்குவோர் பெரிதும் இறங்கினர். புயல்கள் வரும் கோடைமழை மாதங்களில், அதாவது ஏறத்தாழ டிசம்பர் முதல் மார்ச் வரை, தோணிகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்பட்டன.

ஐரோப்பியர் வருவதற்கு மிக நெடுங்காலம் முன்பே இந்த ஓடு விலைமதிப்புடையதாக இருந்தது. ரோபக் விரிகுடா யாவுரு மக்களின் நாடு. அதற்கு வடக்கே தாம்பியர் தீபகற்பத்தில் வாழும் பார்டி, ஜாவி மக்கள் சிப்பியோட்டைத் தேய்த்து, அதில் கோடுகள் செதுக்கி, காவிமண் பூசி, ரிஜி என்னும் அணியாகச் செய்தனர். சடங்குப் பெருமையுடைய இந்த ஓடுகள் கைமாறிக் கைமாறி, கடலையே காணாத உள்நாட்டுப் பாலைவன மக்களிடம் மழையோடும் நீரோடும் தொடர்புடைய பொருள்களாகச் சென்று சேர்ந்தன. ஓட்டை உலகச் சந்தைக்குக் கண்டுபிடித்தவர்கள் என்று குடியேறிகளைச் சொல்வதானால், இந்த உள்நாட்டு வணிகத்தை மறந்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

குடியேறிகளின் சிப்பித் தொழில் 1860களில் தெற்கே நிக்கல் விரிகுடாப் பகுதியில் தொடங்கியது. தொடக்கத்தில் ஆழம் குறைந்த நீரில் ஓடுகளைப் பொறுக்கினர்; அவை தீர்ந்தபின் மூச்சடக்கி மூழ்க ஆட்கள் தேவைப்பட்டனர். அந்தத் தேவையை நிறைவேற்றிய முறைக்கு ஆள்கடத்தல் என்பதைத் தவிர வேறு பெயரில்லை: பழங்குடி மக்கள் உள்நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டு, தப்ப முடியாத லாசிபீட் தீவுகள் போன்ற இடங்களில் அடைத்து வைக்கப்பட்டு, தோணி உரிமையாளர்களுக்குக் கைமாற்றப்பட்டனர். பெண்களும், அவர்களுள் கருவுற்றவர்களும், மூழ்க வைக்கப்பட்டனர். 1871இல் மேற்கு ஆஸ்திரேலியக் குடியேற்ற அரசு இத்தொழிலில் பெண்களை அமர்த்துவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது; அப்படியொரு தடை வேண்டியிருந்தது என்பதே நடந்தவற்றுக்குச் சான்று. எழுத்தில் இருந்த அந்தக் காப்பு, அதிகாரிகள் எட்டாத நெடுங்கரையில் எவ்வளவு செல்லுபடியாகியிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். கருவுற்ற பழங்குடிப் பெண் ஒருத்தி கையில் சிப்பியுடன் நீரிலிருந்து எழும் சிலை ஒன்று இன்று புரூமில் நிற்கிறது.

1883இல் ஆளுநர் பிரடெரிக் நேப்பியர் புரூமின் பெயரால் நகரம் அறிவிக்கப்பட்டது. 1889இல் ஜாவாவிலிருந்து கடலடித் தந்திக்கம்பி இங்கே கரையேறியது. புகழ்பெற்ற கேபிள் கடற்கரையின் பெயர் அதனால் வந்ததே. இதே காலத்தில் செம்புத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் கொண்ட மூழ்குடை பரவியது. மேலே தோணியில் பம்பு இயக்கிக் குழாய் வழியே காற்று அனுப்ப, மூழ்குபவர் கடலடியில் மணிக்கணக்கில் நடந்து ஓடு பொறுக்கினார். நீரோட்டத்தோடு தோணி மெல்ல மிதந்து செல்ல, அதனோடு அவரும் இழுபட்டு நடந்தார். லகர் எனப்பட்ட இந்த இருபாய்மரத் தோணிகள், வற்றத்தில் சேற்றில் சாயாமல் அமரும்படி கட்டப்பட்டிருந்தன. முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளில் இப்படி 400க்கு நெருங்கிய தோணிகள் புரூமிலிருந்து இயங்கின. உலகச் சந்தைக்கு வந்த சிப்பியோட்டின் பெரும்பகுதி இந்தச் சிற்றூரின் வழியே லண்டன் ஏலத்துக்குப் போயிற்று.

தோணியில் ஏறியவர்கள் பல நாட்டவர். மூழ்குவதில் ஜப்பானியர், குறிப்பாக வாகயாமா மாவட்டத்துத் தைஜி போன்ற ஊர்களிலிருந்து வந்தோர், முதலிடம் பெற்றனர், மலாய்க்காரரும் கூப்பாங் வழியாக வந்த தீவு மக்களும் பிலிப்பினோக்களும் மாலுமிகளாக இருந்தனர், கடைவீதி சீனருடையது. உரிமையாளர் பெரும்பாலும் வெள்ளையர், சட்டமும் அப்படியே வகுக்கப்பட்டிருந்தது. ஆயினும் வெள்ளையர் பெயரில் உரிமம் வைத்துக்கொண்டு ஆசியர் உண்மையில் தோணி நடத்துவதும் வழக்கத்தில் இருந்தது. ஓட்டைத் திறக்கையில் முத்து ஒன்று ஒளிக்கப்பட்டுவிடுமோ என்ற அச்சம் உரிமையாளரை ஒருபோதும் விட்டதில்லை. அகப்பட்ட முத்துகளில் பழுதான மேலடுக்கை உரித்து, உள்ளே நல்ல அடுக்கு வெளிப்படுமாறு செய்வது தனிக்கலை. ஓர் அடுக்கு தவறினால் முத்தே போய்விடும். அந்தக் கலையில் புரூமில் பெயர் பெற்றவர் இலங்கையிலிருந்து சென்ற சிங்களவரான டி. பி. எல்லீஸ். முத்தின் மதிப்பை அறிந்த கை, முத்துக்குப் பழகிய தீவிலிருந்தே போயிருக்கிறது.

ஓடு மலிந்த ஆழமற்ற பரப்புகள் வறண்டதால், மூழ்குவோர் மேலும் மேலும் ஆழத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஆழத்தின் அழுத்தத்தில் மூச்சுக்காற்றின் நைட்ரஜன் குருதியிலும் திசுக்களிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாவில் போல அது குமிழ்களாகப் பிரிந்து, மூட்டுகளில் தாங்க முடியாத வலியையும், தண்டுவடத்தைத் தாக்கினால் முடக்கத்தையும் சாவையும் தருகிறது. படிப்படியாக நின்று மேலேற வேண்டும் என்பதற்கான அட்டவணைகளைப் பிரிட்டிஷ் உடலியலாளர் ஹால்டேன் 1908இல் வெளியிட்டார். அறிவு இருந்தது, ஆனால் ஓட்டின் எடைக்கேற்ப ஊதியம் பெறுபவருக்கு, கயிற்றில் தொங்கிக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. புரூமின் ஜப்பானியர் கல்லறைத் தோட்டத்தில் 900க்கு மேற்பட்டோர் புதைக்கப்பட்டுள்ளனர். இந்நோய்க்கும் புயலுக்கும் இரையானோர் அவர்களுள் பலர்.

புயல் கொண்டுபோனவர்களுக்குக் கல்லறையும் வாய்த்ததில்லை. 1887இல் எண்பது மைல் கடற்கரைக்கு அப்பால் சிக்கிய தோணிகளில் சுமார் 140 பேர் மாண்டனர். 1935இல் லாசிபீட் தீவுகளருகே 21 தோணிகளும் சுமார் 140 உயிர்களும் அழிந்தன.

இந்தத் தொழிலின் அரசியல் முரண், 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வெளிப்பட்டது. வெள்ளை ஆஸ்திரேலியாவை நிலைநாட்ட எழுந்த அந்தக் கொள்கை, சிப்பித் தொழிலுக்கு மட்டும் விலக்கு அளித்து, ஒப்பந்தக்காலம் முடிந்ததும் திருப்பியனுப்பப்படும் ஆசியத் தொழிலாளரை அனுமதித்தது. விலக்கை ஒழிக்க விரும்பிய கூட்டாட்சி அரசின் முனைப்பால், 1912இல் பிரிட்டிஷ் கடற்படையில் பயிற்சி பெற்ற வெள்ளையர் சிலர் மூழ்குவதற்கு வரவழைக்கப்பட்டனர். முயற்சி தோற்றது, அவர்களுள் ஒருவர் மூழ்குநோயில் இறந்தார், மற்றவர்கள் ஜப்பானியர் எடுத்த அளவுக்கு அருகிலும் வரவில்லை. பின்னர் ஆராய்ந்த அரச ஆணையம், இந்தத் தொழில் வெள்ளைத் தொழிலாளருக்கு உகந்ததன்று என்னும் முடிவுக்கு 1916இல் வந்தது. ஆபத்து எவருக்கு உகந்தது என்ற கேள்வியை அது எழுப்பாமலே விட்டது.

1941 டிசம்பரில் ஜப்பானுடன் போர் மூண்டதும் புரூமின் ஜப்பானியர் சிறைமுகாம்களுக்கு அனுப்பப்பட, தொழில் ஒரே நாளில் கையிழந்தது. 1942 மார்ச் 3 அன்று ஜப்பானிய விமானங்கள் நகரைத் தாக்கின; ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சு மக்களை ஏற்றிய கடல்விமானங்கள் விரிகுடாவில் எரிந்தன, குறைந்தது 88 பேர் இறந்தனர். பெருவற்றத்தின்போது அந்த விமானங்களின் எலும்புக்கூடுகள் இன்றும் சேற்றில் தெரிகின்றன. போருக்குப்பின் ஜப்பானிய மூழ்குநர் திரும்பினாலும், 1950களில் பிளாஸ்டிக் பொத்தான் சந்தையைப் பிடித்துக்கொண்டது. சிப்பிப் பார்கள் வற்றியதால் அன்று, பொத்தான் மாறியதால் தொழில் சாய்ந்தது.

அதை மீட்டது முத்து. இயற்கை முத்தின் விலை விழுந்துவிடும் என்று அஞ்சி வளர்ப்பு முத்துக்கு மேற்கு ஆஸ்திரேலியா விதித்திருந்த தடை 1949இல் நீங்க, 1956இல் புரூமுக்கு வடக்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவில், தொடங்கியவருள் ஒருவரான குரிபயாஷியின் பெயரால் குரி விரிகுடா எனப்பட்ட இடத்தில், முதல் வளர்ப்புப் பண்ணை எழுந்தது. அமெரிக்க நன்னீர் மட்டி ஓட்டைக் கடைந்த உருண்டையொன்றை உயிருள்ள சிப்பிக்குள் வைத்து, ஈராண்டளவு காத்திருந்தால், அதன்மேல் வெண்படலம் படிந்து தென்கடல் முத்தாகிறது. ஓடு சரக்கு, முத்து உபரி என்ற பழைய கணக்கு இங்கே ஒருவழியாக நேராயிற்று. இன்று சுற்றுலாவே நகரின் பெரும் பிழைப்பு. ஆண்டுதோறும் சைபீரியா வரை சென்று திரும்பும் கரைப்பறவைகள் இரைதேடும் ரோபக் விரிகுடாவின் சேற்றுவெளி, 1990 முதல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் உள்ளது. அந்நிலத்தில் யாவுரு மக்களின் மரபுரிமையை நீதிமன்றம் 2006இல் ஏற்றது. தூத்துக்குடியின் கடைசிச் சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961இல் நடந்து முடிந்தபோது, குரி விரிகுடாவின் முத்துகள் ஏற்கெனவே சந்தைக்கு வரத் தொடங்கியிருந்தன.