மிதிவண்டித் தாங்கி (கார்)

காரின் வெளிப்புறத்தில் மிதிவண்டிகளை ஏற்றிச் செல்வதற்கான சட்டகம். கூரை, பின்கதவு, இழுவைக் கொக்கி ஆகியவற்றுள் ஒன்றில் பொருத்தப்படும்.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது மிதிவண்டியின் எடை. மின்மிதிவண்டிகள் பல 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். அவற்றைத் தலைக்கு மேல் தூக்கிக் கூரையில் ஏற்றுவது ஆபத்து. பல கார்களின் கூரை சுமார் 75 கிலோதான் தாங்கும், அதிலும் தாங்கியின் எடை சேர்த்தி. காற்றுத்தடை கூடுவதால் எரிபொருளும் அதிகம் செலவாகும். வண்டி மேலே இருப்பதை மறந்து தாழ்வான கார் நிறுத்தத்துக்குள் நுழைந்தால் கூரை, மிதிவண்டி இரண்டும் சேதமாகும்.

நாடாவால் கட்டும் பின்கதவுத் தாங்கி மலிவானது. ஆனால் எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது.

இழுவைக் கொக்கி இருந்தால் அதில் மாட்டும் வகையே சிறந்தது. வட அமெரிக்காவில் 1.25 அல்லது 2 அங்குலச் சதுரக் குழாயும், ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் உருண்டையும் வழக்கம். கொக்கி தாங்கும் செங்குத்து எடையைக் கார்க் கையேட்டில் பார்த்தே வாங்க வேண்டும். கார்பன் சட்டக மிதிவண்டிக்குச் சட்டகத்தைக் கவ்வும் பிடி கூடாது, விரிசல் விழலாம். சக்கரத்தை மட்டும் பிடிக்கும் வகை பாதுகாப்பானது.

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் தாங்கி பின்விளக்கையோ எண்பலகையையோ மறைத்தால், விளக்குடன் கூடிய தனிப் பலகை பொருத்துவது கட்டாயம்.