திண்ணைப் பள்ளியின் வகுப்பறை: செங்கற்பட்டுப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் இயங்கிய திண்ணைப் பள்ளிகள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கை, மாணவர்களின் சாதி விவரம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. அப்பள்ளிகளில் கற்பித்தல் எவ்வாறு நிகழ்ந்தது, அதில் யார் அமர முடிந்தது என்னும் இரு வினாக்களையும் இணைத்து நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திண்ணைப் பள்ளி, எண்சுவடி, நெல்லிலக்கம், சட்டாம்பிள்ளை, மதராஸ் முறை, செங்கற்பட்டு.

முன்னுரை

தொண்டை மண்டலத்துப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர், பெரியபுராணம் தந்த சேக்கிழாரின் ஊராகத் தமிழுலகம் அறிந்தது. கம்பெனி ஆட்சியில் இவ்வூரும் பல்லாவரம், தாம்பரம் முதலிய அண்டை ஊர்களும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்தவை. இன்று சென்னைப் பெருநகரின் தென்மேற்கு விளிம்பில் தனியார் பள்ளிகளும் பொறியியல் கல்லூரிகளும் நெருங்கி நிற்கும் இந்நிலப்பரப்பில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் எவ்வாறு கற்றனர் என்பதை அறிய நமக்குள்ள ஆவணங்கள் சிலவே. அவற்றுள்ளும் வகுப்பறைக்குள் நுழைந்து பார்த்தவை மிகச் சில.

எண்ணப்பட்டதும் எண்ணப்படாததும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25ஆம் நாளிட்ட குறிப்பில், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். ஆட்சியர்களின் பதில்களைத் தொகுத்து 1826 மார்ச் 10இல் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றதாகக் கூறுகிறது. அன்றைய மக்கள்தொகையாக அவர் கொண்டது 1,28,50,941. அதாவது ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர். செங்கற்பட்டு ஆட்சியரின் பதில் 1823இல் சென்று சேர்ந்தது. இவ்வாவணங்களைத் தரம்பால் 1983இல் 'அழகிய மரம்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாகத் தொகுத்தளித்த பின்னரே அவை பரவலான விவாதத்துக்கு வந்தன.

தரம்பாலின் தொகுப்பு ஒரு நல்ல அதிர்ச்சியைத் தந்தது. தமிழ் வழங்கும் மாவட்டங்களின் பள்ளிகளில் 'சூத்திரர்', 'பிற சாதியினர்' என்று வகைப்படுத்தப்பட்டோர் சேலத்திலும் திருநெல்வேலியிலும் சுமார் 70 விழுக்காட்டினர். தென்னார்க்காட்டில் 84 விழுக்காட்டுக்கும் மேல். எழுத்தறிவு பார்ப்பனருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்னும் எளிய முடிவை இவ்வெண்கள் உடைத்தன. ஆனால் அதன்பின் எழுந்த விவாதம் இவ்வெண்களிலேயே தங்கிவிட்டது. பள்ளிகள் பல இருந்தன என ஒரு சாராரும், அவை எளியோருக்கானவை அல்ல என மறுசாராரும் அதே அட்டவணைகளை மாறி மாறிக் காட்டினர்.

மன்றோவின் படிவமே இதற்கு ஒரு காரணம். பள்ளிகள் எத்தனை, மாணவர் எத்தனை, எச்சாதியினர் என்பனவே அதன் கட்டங்கள். கற்பித்தல் எப்படி நடந்தது என்பதற்கு அதில் கட்டம் இல்லை. வீட்டில் கற்றோரையும் பெரும்பாலான ஆட்சியர்கள் கணக்கிடவில்லை. கணக்கிட்ட சென்னையில் அவர்களின் தொகை பள்ளி மாணவர் தொகையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. எண்ணிக்கைகளை அளவுக்கு மீறி நம்புவோர் இந்த ஒரு செய்தியை மனத்தில் கொள்வது நன்று.

பல்லாரி அறிக்கை காட்டும் காலைப்பொழுது

கேட்கப்படாததையும் எழுதியனுப்பியவர் பல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்ப்பெல். 1823 ஆகஸ்ட் 17ஆம் நாளிட்ட அவரது அறிக்கை, தம் மாவட்டத்தின் 533 பள்ளிகளைச் சுட்டிவிட்டு, அவற்றின் அன்றாட நடப்பை விவரிக்கிறது. பல்லாரி கன்னடமும் தெலுங்கும் வழங்கும் பகுதி. எனினும் அவர் கூறுவன தமிழ்த் திண்ணைப் பள்ளிகளைப் பற்றிய நினைவுக்குறிப்புகளோடு பெரிதும் ஒத்துச் செல்வதால் நமக்குப் பயன்படும்.

காலை ஆறு மணியளவில் பள்ளி தொடங்கும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் பெருமையின் அடையாளமாகச் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவன் கையில் சுழியம்; அவன் புகழ்ச்சிக்கும் உரியவன் அல்லன், இகழ்ச்சிக்கும் உரியவன் அல்லன் என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வரவர ஒவ்வோரடி கூடும். வருகைப் பதிவேடு இல்லாத பள்ளியில் பிள்ளையின் உடலே பதிவேடாகிறது. இதனைக் கொடுமை என்று மட்டும் கூறிக் கடந்துவிட இயலாது. மெச்சுதலும் தண்டனையும் இடைநிலையும் எழுத்தாலும் எண்ணாலும் அடியாலும் ஒரே கையில் குறிக்கப்பட்ட ஒழுங்கு அது. கொடுமையும்தான்.

பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னர் எழுத்தாணியும் ஓலையும். தேர்ந்த மாணவர் இளையோருக்குக் கற்பித்தனர். இம்முறையின் சிக்கனத்தைக் காம்ப்பெல் பாராட்டி, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகுதியானதே என்றும் எழுதினார். அவர் கண்ட குறைகள் நூல்களின் தன்மையும் தகுதியான ஆசிரியரின்மையும்.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

இங்கிலாந்து பின்பற்றியதாகக் காம்ப்பெல் குறிப்பது ஆண்ட்ரூ பெல்லின் 'மதராஸ் முறை'யை. 1789இல் எழும்பூரிலிருந்த படைவீரர் ஆண் அநாதைக் காப்பகத்தின் பொறுப்பேற்ற பெல், ஒரு நாள் காலைக் குதிரைச் சவாரியில் 'மலபார்' பள்ளி ஒன்றைக் கடந்து சென்றதாகவும், அங்குப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு காப்பகத்தில் அதனைப் புகுத்தியதாகவும் அவரது வாழ்க்கை வரலாறு கூறும். அக்கால ஆங்கிலத்தில் 'மலபார்' என்பது தமிழைக் குறிக்கவும் வழங்கியது. காப்பகத்தின் உதவி ஆசிரியர்கள் மணலெழுத்தை ஏற்க மறுக்கவே, ஜான் ஃபிரிஸ்கென் என்னும் சிறுவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார் பெல். 1797இல் இலண்டனில் இச்சோதனையை நூலாக வெளியிட்டார். 1811இல் அங்குத் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம் அம்முறையைப் பரப்பியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மதராஸ்' என்னும் பெயரில் இன்றும் ஒரு பள்ளி உள்ளது.

தமிழ்த் திண்ணையே உலகுக்குக் கல்விமுறையைக் கொடுத்தது என இச்செய்தியை நம் மேடைகளில் பெருமிதத்தோடு கூறுவதுண்டு. இதில் பாதியே சரி. மணலெழுத்து இங்கிருந்து சென்றது. அதனைப் பெல்லின் வரலாறே ஒப்புக்கொள்கிறது. மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதைப் பெல் தம் கண்டுபிடிப்பாகவே முன்வைத்தார். சட்டாம்பிள்ளை வழக்கம் இங்குப் பரவலாக இருந்ததை நோக்க, அவர் கூற்று ஐயத்துக்குரியதே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. திண்ணைப் பள்ளியில் 'வகுப்பு' என்னும் அலகு உறுதியாக இல்லை. விசயதசமியில் ஏடு தொடங்கிய பிள்ளை தன் சுவடியைத் தன் வேகத்தில் முடித்து அடுத்ததற்குச் செல்வான். பெல்லின் பள்ளியோ மாணவரை வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்குள் இடம் பிடிக்கப் போட்டியிடச் செய்து, குறைந்த செலவில் பெருந்திரளை ஒழுங்குபடுத்தும் பொறியாக அதனை மாற்றியது. திண்ணையிலிருந்து சென்றது ஓர் உத்தி. திரும்பி வந்தது ஒரு நிறுவனம்.

நெல்லை எண்ணக் கற்றவர்கள்

திண்ணையின் பாடத்திட்டத்தைப் புரிந்துகொள்ள எண்சுவடிகளே சிறந்த சான்று. இவற்றைக் கல்வி வரலாற்றின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் த. செந்தில் பாபு, 2007இல் வெளிவந்த அவரது கட்டுரையும் 2022இல் வெளிவந்த நூலும் திண்ணைப் பள்ளிகளில் நினைவாற்றல் வகித்த இடத்தை விரிவாக ஆராய்கின்றன. பொன்னிலக்கம் 1/320 ஆகிய முந்திரியில் தொடங்கி, காணி (1/80), மா (1/20), கால், அரை எனப் பின்னங்களை அடுக்கும். நெல்லிலக்கம் முகத்தலளவையைப் பயிற்றும்: ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். எண்சுவடியின் வாய்பாடுகள் இவற்றைப் பெருக்கவும் கூட்டவும் உதவின.

இன்றைய பள்ளி முழு எண்களில் தொடங்கிப் பின்னங்களை நாலைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே தருகிறது. திண்ணையில் பின்னமே வாசற்படி. ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் தொண்டை மண்டலத்தில் ஊர்க்கணக்கு முழுவதும் பங்கீட்டுக் கணக்கு: மேல்வாரம், குடிவாரம், களத்துமேட்டில் தொழிலாளர்க்கும் கோயிலுக்கும் பிரிக்கப்படும் சுதந்திரங்கள். அக்கணக்கில் பின்னம் தெரியாதவன் ஏமாறுவான். மனப்பாடம் எனப் பின்னாளில் இகழப்பட்ட இப்பயிற்சி, கையில் ஓலையின்றிக் களத்திலேயே கணக்கிடும் திறனாக இருந்தது. 1860களிலிருந்து தேர்வு விளைவுக்கேற்ப மானியம் வழங்கும் முறை திண்ணை ஆசிரியர்களை ஆய்வாளரின் பாடத்திட்டத்துக்குள் இழுத்தபோது, நினைவு நிலைத்தது. அது பயன்பட்ட களம் மட்டும் பள்ளியிலிருந்து கழன்றது. திண்ணைப் பள்ளியின் வீழ்ச்சியில் இதுவே முதன்மையான இழப்பு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

திண்ணை யாருடையது

இதே நெல்லிலக்கம் மற்றொரு வினாவை எழுப்புகிறது. களத்தில் நெல்லை அளப்பவர் கணக்கறிந்தவர். அளந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்பவர் பெரும்பாலும் அறியாதவர். மன்றோ படிவத்தின் 'பிற சாதியினர்' என்னும் கட்டத்தில் தாழ்த்தப்பட்டோரும் அடங்குவர் என்று தரம்பால் கொண்டார். ஓரளவு அடங்கலாம். ஆனால் திண்ணை என்பது ஊருக்குள் அமைந்த வீட்டின் உறுப்பு. ஊரும் சேரியும் பிரிந்து கிடந்த செங்கற்பட்டுக் கிராமங்களில், சேரிப் பிள்ளை அத்தெருவுக்குள் வந்து அத்திண்ணையில் அமர்ந்தான் எனக் கொள்வதற்கு அட்டவணையின் ஒரு கட்டம் போதுமான சான்றாகாது. திருக்கோயிலின் வாயிலை நோக்கி நின்ற திருநாளைப்போவாரின் வரலாற்றைப் பாடியவர் இதே குன்றத்தூரினர் என்பதையும் இங்கு நினைக்கலாம்.

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த ஜே. எச். ஏ. டிரெமென்கீர், இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து 1891இல் எழுதிய அறிக்கை, நிலமும் மனைக்கட்டும் இன்றி அவர்கள் நிலவுடைமையாளரின் பிடியில் வாழ்ந்ததை அரசின் முன் வைத்தது. 1892இல் நில ஒப்படைப்புக்கான ஆணை பிறந்தது. 1893இல் பஞ்சமர் கல்விக்கான தனி ஆணை. 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். நிலமும் பள்ளியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆணைகளானது தற்செயலன்று. அமர்ந்து கற்க ஓரிடம் வேண்டும். அவ்விடத்திலிருந்து எழுப்பிவிட எவருக்கும் உரிமை இருத்தல் கூடாது. பிறர் வீட்டுத் திண்ணை அந்த உறுதியைத் தரக்கூடிய இடமன்று. புதிய பள்ளிகள் சேரியை ஒட்டிய தனி இடங்களில் எழுந்தன. 1859இல் இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனின் தலைமுறை, இவ்வாணைகளுக்கு முன்பே, திண்ணையைத் தாண்டிய பள்ளிகளின் வழியாகத்தான் எழுத்தை அடைந்தது.